முதுகு காட்டி நின்ற எக்ஸிகியூட்டிவ்

வேதசிரோமணிக்கு நாற்பத்தேழாவது வயதில் கால்பந்து வந்தது. அந்த வயதில் சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்குப் பூர்வீக நிலத்தின் மேல் திடீர்ப் பாசம் வரும். இவருக்குப் பந்து வந்தது. தேடிப் போய் வாங்கியதல்ல. முதலாளி கூப்பிட்டுக் கையில் கொடுத்தது.

அதுவரை அவர் குரோம்பேட்டையில் கோமதி சைக்கிள் செயின் கம்பெனியின் டெஸ்பாட்ச் பிரிவில் தலைமை குமாஸ்தா. இருபத்தோரு வருஷத்தில் அவர் அனுப்பிய ஒரு செயின்கூட ஊர் மாறிப் போனதில்லை. திருவாரூருக்குப் போக வேண்டியது திருவாரூருக்கும், திருவள்ளூருக்குப் போக வேண்டியது திருவள்ளூருக்கும் போய்ச் சேர்ந்தன. கடிதம் எழுதுவதிலும் கெட்டிக்காரர். ஆங்கிலத்தில் எழுதினால் வெள்ளைக்காரனே அகராதி தேடுவான். தமிழில் எழுதினால் தமிழனே தேடுவான். ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாடம் வாசிப்பார். மனைவி தபீதாள் கிழக்குத் தாம்பரத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. எலெக்ட்ரிக் டிரெயினில் அவள் தெற்கே போவாள். இவர் நடந்து கம்பெனிக்குப் போவார். வாழ்க்கை விலாசம் ஒட்டிய பார்சல் மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது.

1973ஆம் வருஷம் முதலாளி தோத்தாத்ரி, மெஷின் வாங்குகிற வேலையாகப் பர்மிங்ஹாம் போய்விட்டு வந்தார். வந்த மூன்றாம் நாள் வேதசிரோமணியைக் கூப்பிட்டார்.

"வேதசிரோமணி, உமக்குப் பந்தாட்டம் தெரியுமோ?"

"தெரியாது சார்."

"கொஞ்சங்கூட?"

"ஸ்கூல் படிக்கிறப்ப ஒரு தரம் மூஞ்சியில பட்டிருக்கு சார்."

"பேஷ்! நீர்தான் நம்ம எக்ஸிகியூட்டிவ்."

நடந்தது இதுதான். மெஷின் விற்றவன் முதலாளியைச் சனிக்கிழமை ஒரு கால்பந்து மாட்சுக்குக் கூட்டிப் போயிருக்கிறான். "நாப்பதாயிரம் பேர் ஓய். குளிர்ல கிடந்து கத்தறா. நடுவுல கறுப்புக் கோட்டு போட்டுண்டு ஒருத்தர் நிக்கறார். அந்த மனுஷர் மட்டும் பந்துக்கு முதுகைக் காட்டிண்டு நிக்கறார். கோல் விழறது, ஊரே எழுந்து ஆடறது, அவர் திரும்பலையே! யார்னு கேட்டேன். அவர்தான் கிளப்போட எக்ஸிகியூட்டிவாம். அவருக்கென்னடா வேலைன்னா, கிளப்பை 'ரன்' பண்றார்ங்கறான். நான் பாத்த வரைக்கும் அவர் ஒரு அடி ரன் பண்ணலை. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. ஆடறவன் ஆடணும், பாக்கறவன் பாக்கணும், நடத்தறவன் நடத்தணும். அதுக்குப் பேர்தான் புரொபஷனல்!"

முதலாளியின் காலஞ்சென்ற தாயார் கோமதியின் பெயரில் அப்போதே கம்பெனிக்கு ஒரு கால்பந்து கிளப் இருந்தது. அதில் எட்டுப் பேருக்குக் கம்பெனியே சம்பளம் கொடுத்தது; அவர்களுக்கு வேலையே ஆடுவதுதான். மூன்று பேர் வெளியாட்கள், ஆசைக்கு ஆடுபவர்கள். பயிற்சியாளராக அசரியா, பட்டாளத்தில் இருந்து வந்தவர், விசிலோடு பிறந்தவர் மாதிரி. எல்லாரும் இருந்தார்கள். எக்ஸிகியூட்டிவ் மட்டும்தான் இல்லை.

"நான் என்ன சார் செய்யணும்?" என்று வேதசிரோமணி நியாயமாகத்தான் கேட்டார்.

"அதையும் நானே சொல்லிட்டா, அப்பறம் நீர் எதுக்கு எக்ஸிகியூட்டிவ்?"

வீட்டுக்கு வந்து தபீதாளிடம் சொன்னார். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"எக்ஸிகியூட்டிவ்னா என்னங்க வேலை?"

"அதைக் கண்டுபிடிக்கிறதுதான் முதல் வேலை போல."

"கண்டுபிடிச்சப்புறம்?"

"தெரியல."

தபீதாள் சிவப்பு மையால் ஒரு பையனுக்கு நூற்றுக்குப் பதினெட்டுப் போட்டாள். அதை ஏன் தன்னைப் பார்த்துக்கொண்டே போட்டாள் என்று வேதசிரோமணிக்கு விளங்கவில்லை.

தெருவில் செய்தி வேறு மாதிரி பரவியது. நம் ஊரில் எக்ஸிகியூட்டிவ் என்றால் நிர்வாக அதிகாரி, அதிலும் இரண்டே ஜாதி: ஒன்று கோயிலுக்கு, இல்லையென்றால் டவுன் பஞ்சாயத்துக்கு. வேதசிரோமணி சர்ச்சுக்குப் போகிறவர் என்பதால் கோயில் இல்லை என்று தெருவே கழித்துப் பார்த்து முடிவு கட்டியது. மறுநாள் காலை பாலாம்பாள் மாமி வாசலில் நின்றாள். "சார், சாக்கடை ரெண்டு மாசமா அடைச்சுண்டிருக்கு. நீங்க எக்ஸிகியூட்டிவ் ஆயிட்டேளாமே, கொஞ்சம் பார்க்கப்படாதா?" தான் கால்பந்துக்குத்தான் எக்ஸிகியூட்டிவ் என்று அவர் சொன்னார். "அதனாலென்ன, சாக்கடை அங்கேயும் இருக்குமோன்னோ" என்றாள் மாமி. வேதசிரோமணி ஒரு கடிதம் எழுதிப் பஞ்சாயத்துக்கு அனுப்பினார். நான்காம் நாள் சாக்கடை திறந்துவிட்டது. அந்த வருஷம் அவர் குழப்பமில்லாமல் செய்து முடித்த ஒரே காரியம் அதுதான்.

ரயில்வே லைனைத் தாண்டி, மலையடிவாரத்தில் இருந்தது மைதானம். காற்று ஒரு பக்கம் அடித்தால் தோல் பதனிடுகிற ஷாப்பு வாடை, மறு பக்கம் அடித்தால் புழுதி. முதல் மாட்சுக்கு வேதசிரோமணி தம் கல்யாணக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். எல்லைக் கோட்டுக்கு வெளியே போய் நின்று, மைதானத்துக்கு முதுகைக் காட்டிப் பல்லாவரம் பக்கம் பார்த்தார். வியர்வை கோட்டுக்குள்ளே ஆறாக ஓடியது. ரன் என்று முதலாளி சொன்னது இதுவாக இருக்கலாம்.

அவருக்கு எதிரே குத்துக்கல்லில் கிளியம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஆட்டக்காரர்களின் பனியனும் டிராயரும் துவைத்துப் போடுகிறவள்.

"இன்னா சார், பசங்க அங்க ஆடினு கீறாங்கோ, நீ இங்க பல்லாவரத்தப் பாத்துகினு கீறே?"

"இதுதாம்மா என் வேலை."

"பல்லாவரம் எங்கியும் ஓடிடாது சார். திரும்பி நில்லு."

அவர் திரும்பவில்லை. முதலாளி தூரத்தில் நாற்காலி போட்டுத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஆகவே, ஐந்து மாதமும் வேதசிரோமணி ஆட்டத்தைக் கிளியம்மாளின் முகத்தில்தான் பார்த்தார். அவள் கன்னத்தில் கை வைத்தால் நம் வலையில் கோல். எழுந்து புடவையை உதறினால் எதிராளி வலையில் கோல். வெற்றிலையைத் துப்பினால் அசரியா யாரையோ மாற்றுகிறார் என்று அர்த்தம்.

இந்த அளவில் போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. தமிழ் வந்தது.

ஆங்கிலப் பலகைகளில் தார் பூசுகிறார்கள் என்று யாரோ முதலாளியின் காதில் போட்டார்கள். "கிளப்புல பேர்ப்பலகை, ஃபாரம், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாத்தையும் தமிழ்ல மாத்திடும்" என்று உத்தரவு. வேதசிரோமணிக்கு உயிர் வந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு புரிகிற மாதிரி ஒரு வேலை! இரண்டு வாரம் அகராதியோடு உட்கார்ந்தார். கிளப்புக்குக் கழகம். காப்டனுக்குத் தலைவர். அட்டாக்குக்குத் தாக்குதல். மைதானத்தின் இடது ஓரமாக ஓடி ஆடுகிறவனுக்கு இடதுசாரி. வலது ஓரத்துக்காரனுக்கு வலதுசாரி. எழுதி முடித்துத் தாமே இரண்டு தரம் உரக்கப் படித்துப் பார்த்தார். சுகமாக இருந்தது.

அந்த வருஷம் எப்படிப்பட்ட வருஷம் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். தெருவில் நின்று கழகம் என்று தும்மினால் "எந்தக் கழகம்?" என்று நாலு பேர் திரும்பிக் கேட்ட வருஷம். அது வேதசிரோமணிக்கும் தெரியும். தினமும் பேப்பர் படிப்பவர்தான். ஆனால் பேப்பரில் இருக்கிற கழகமும் அகராதியில் இருக்கிற கழகமும் ஒரே தெருவில் சந்திக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பலகை எழுத வந்த பெயிண்டர் வேறு தன் பங்கைச் செய்தான். 'கோமதி கால்பந்துக் கழகம்' என்று எழுதிக் கொடுத்ததில், தகரத்தில் 'கோமதி கழகம்' மட்டும் இருந்தது.

"கால்பந்து எங்கப்பா?"

"தகரத்துல புடிக்கல சார். அதான் கீழ பந்து படம் போட்டுக்கிறேனே."

கீழே பச்சையாகப் புல். புல்லுக்கு மேலே பாதிப் பந்து. சுற்றிலும் மஞ்சள் கோடுகள். பந்து வேகமாக வருவதைக் காட்டுகிற கோடாம். அது உருளுகிறதா, உதிக்கிறதா, அஸ்தமிக்கிறதா என்று வேதசிரோமணி தலையைச் சாய்த்துப் பார்த்தார். தெரியவில்லை. ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவன் பலகையைப் பார்த்தே ஸ்டாம்பு வெட்டினான்.

அப்போதுதான் ஏகநாதன் வந்தான். பல்லாவரத்தில் வேறொரு கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தவன், இடது ஓரத்தில் பந்தோடு ஓடினால் பின்னால் புழுதிதான் தெரியும் என்பார்கள். ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். ஃபைல் இன்னும் எங்காவது உயிரோடு இருக்கும். வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் முடியப் பதினெட்டு நாள் பாக்கி. முடிந்தால் வேலை நிரந்தரம். அதற்குள் ஒரு கெட்ட பெயர் வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். சர்க்கார் தமிழில் இதற்குத் தகுதிகாண் பருவம் என்று பெயர்.

அவன் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டதும் வேதசிரோமணி யோசித்தார். வெளியாள் ஒருவனை எடுத்தால் அவன் ஆபீஸுக்குத் தெரிவிப்பதுதானே மரியாதை? எக்ஸிகியூட்டிவின் வேலை இதுவாகத்தான் இருக்க வேண்டும்! அன்று சாயங்காலமே எழுதினார்:

'ஐயா, தங்கள் அலுவலகத்தில் பணிபுரியும் திரு. ஏகநாதன், தம் பழைய கழகத்தைத் துறந்து எம் கழகத்தில் தம்மை இணைத்துக்கொண்டார் என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் அறிவித்துக்கொள்கிறோம். இடதுசாரித் தாக்குதலில் இவருக்கு நிகர் இவரே. எதிரிகளின் காவலை ஊடுருவி இலக்கைத் தகர்ப்பதில் வல்லவர். எதிர்வரும் காலத்தில் கழகம் நடத்தவிருக்கும் போராட்டங்கள் அனைத்திலும் இவர் முன்னணியில் நிற்பார். இங்ஙனம், நிர்வாகச் செயலாளர், கோமதி கழகம்.'

தபீதாளிடம் காட்டினார். அவள் ஒரு முறை படித்து, 'தகர்ப்பதில் வல்லவர்' என்பதற்கு மேல் சிறிது யோசித்து, ஓரிடத்தில் விட்டுப்போன ஒற்றைச் சேர்த்துக் கொடுத்தாள். இலக்கணப்படி அதற்கு மேல் அந்தக் கடிதத்தில் ஒரு குறையும் இல்லை. பந்து என்ற சொல் மட்டும்தான் இல்லை. ஸ்டாம்பு குத்தித் தபாலில் சேர்த்தார்.

ஆறாம் நாள் ஏகநாதன் கம்பெனிக்கே வந்துவிட்டான். கையில் ஒரு காகிதம்.

"சார், இன்னா சார் எழுதிக்கிறே? என் வேலைக்கு வேட்டு வச்சிட்டியே சார்!"

காகிதத்தின் பெயர் குறிப்பாணை. அரசு ஊழியர் அரசியல் கழகத்தில் சேர்ந்தது ஏன், வன்முறைத் தாக்குதல்களில் அவருக்குள்ள பங்கு என்ன, தகுதிகாண் பருவத்திலேயே அவரை ஏன் பணியிலிருந்து நீக்கக் கூடாது என்று ஏழு நாளில் விளக்கம் கேட்டிருந்தது. கூடவே போராட்டங்களின் தேதிப் பட்டியலும் கேட்டிருந்தது.

வேதசிரோமணி மாட்சு அட்டவணையை நினைத்துப் பார்த்தார். தேதிப் பட்டியல் உண்மையிலேயே இருந்தது.

"நான் கெட்டதா ஒண்ணும் எழுதலையே ஏகநாதா. பாராட்டித்தானே எழுதினேன்?"

"பாராட்டிக்கிறே சார், ஜோரா பாராட்டிக்கிறே. ஆபீஸ்ல எவனும் என் பக்கத்துல குந்த மாட்டேன்றான். டீ குடுக்கிறவன் தூர நின்னு குடுக்கிறான். பியூன் வந்து, 'அண்ணே, பாம் கீம் இங்க ஒண்ணும் இல்லியே?'ன்றான். பேஜாராப் போச்சி சார்."

ஒரு சைக்கிள் செயின்கூட ஊர் மாறிப் போகவிடாத மனிதர். ஒரு முழு ஆளைத் தப்பான விலாசத்துக்கு அனுப்பிவிட்டார். அன்று மத்தியானம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு, எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி, அந்த ஆபீஸுக்குப் போனார். விசாரணைப் பொறுப்பு சூப்பரின்டெண்டெண்ட் சாமுண்டீஸ்வரி அம்மாளிடம் இருந்தது. அந்த அம்மாளுக்குச் சிரிப்பு என்பது வருஷத்துக்கு ஒரு தரம் எடுக்கிற ஈட்டிய விடுப்பு மாதிரி. பெரும்பாலும் எடுக்காமலே விட்டுவிடுவார் என்று ஏகநாதன் முன்கூட்டியே சொல்லியிருந்தான்.

"உட்காருங்க. நீங்க?"

"எக்ஸிகியூட்டிவ்ங்க."

"எந்தக் கோயில்?"

"கோயில் இல்லைங்க. நான் சர்ச்சுக்குப் போறவன்."

"அப்ப எந்தப் பஞ்சாயத்து?"

"பஞ்சாயத்தும் இல்லை. கழகம்."

சாமுண்டீஸ்வரி அம்மாள் பேனா மூடியைக் கழற்றினார். "எந்தக் கழகம்?"

"கோமதி கழகம்."

"கோமதின்னு ஒரு தலைவியை நான் கேள்விப்பட்டதில்லையே. புதுசா பிரிஞ்சதா?"

"இல்லைங்க. அது முதலாளியோட அம்மா பேரு. காலமாயிட்டாங்க."

"அப்ப மகன் நடத்துறார்." எழுதிக்கொண்டார். "கொடி உண்டா?"

"உண்டுங்க. நாலு மூலைக்கும் நாலு."

"ஏகநாதனுக்குச் சம்பளம்?"

"ஐயையோ, பைசா கிடையாது! அவர் வெளியாள். ஆட்டம் முடிஞ்சா பரோட்டா வாங்கித் தருவோம், அவ்வளவுதான்."

"ஊதியம் எதிர்பாராத தொண்டர்." அதையும் எழுதிக்கொண்டார். "இந்த இடதுசாரி?"

"அது அவர் நிக்கிற பக்கம்ங்க."

"அதைத்தான் சார் நானும் கேட்கிறேன்."

வேதசிரோமணிக்கு அழுகை வந்துவிடும் போல் இருந்தது. "அம்மா, இது விளையாட்டுங்க. வெறும் விளையாட்டு."

"இதுவரைக்கும் பதினோரு பேரை விசாரிச்சிருக்கேன். எல்லாரும் முடிவுல விளையாட்டாச் செஞ்சதுன்னுதான் சொன்னாங்க." சாமுண்டீஸ்வரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சரி, ஒண்ணு சொல்லுங்க. அந்தக் கழகத்துல உங்களுக்கு என்ன வேலை? நிர்வாகி செய்யற வேலையை வச்சுத்தான் அது என்ன கழகம்னு தெரியும்."

வேதசிரோமணி வாயைத் திறந்தார். ஐந்து மாதமாக அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை இப்போது சர்க்கார் கேட்கிறது. சொன்னால் ஒருவன் வேலை பிழைக்கும். "நிக்கிறதுங்க" என்றார். "பல்லாவரத்தைப் பார்த்து நிக்கிறது."

சாமுண்டீஸ்வரி அம்மாள் கண்ணாடியை மறுபடி மாட்டி அவரைப் பார்த்தார். பல்லாவரத்தில் பார்க்கும்படி என்ன இருக்கிறது என்று யோசித்திருக்க வேண்டும். ஏரோடிரோமுக்குப் பக்கத்து ஊர் அது. "சனிக்கிழமை உங்களுக்குப் போராட்டம்... அதாவது ஆட்டம் இருக்கில்ல? நானே வர்றேன். நேரடி விசாரணை."

சனிக்கிழமை மூன்றரை மணிக்கே வேதசிரோமணி மைதானத்துக்கு வந்துவிட்டார். வந்ததும் அசரியாவைப் பிடித்தார்.

"அசரியா, இன்னிக்கு ஏகநாதன் இடது பக்கம்தானே?"

"இல்லை சார். வலது பக்கம் ஆடற ஜெபராஜுக்குக் கணுக்கால் வீங்கிருச்சி. ஏகநாதனை வலதுக்கு மாத்தியிருக்கேன்."

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இடது பக்கமே விடப்பா. ஃபைல்ல அப்படித்தான் இருக்கு."

"நான் மாட்சைப் பாக்கறதா, ஃபைலைப் பாக்கறதா சார்?"

"நான் எக்ஸிகியூட்டிவ் சொல்றேன்."

அசரியா விசிலை வாயிலிருந்து எடுத்தார். "சரிங்க. அப்ப வலது பக்கம் யாரு ஓடறது? நீங்க ஓடறீங்களா?"

எக்ஸிகியூட்டிவின் அதிகாரம் எது வரை என்று வேதசிரோமணி தெரிந்துகொண்டது அந்த நிமிஷத்தில். விசில் வரை.

நாலு மணிக்குச் சாமுண்டீஸ்வரி அம்மாள் குடையும் ஃபைலுமாக வந்து, போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் பலகையைப் பார்த்தார். பாதிப் பந்தையும் மஞ்சள் கோடுகளையும் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். வேதசிரோமணி வழக்கப்படி முதுகைத் திருப்பப் போனார். "எங்க போறீங்க? இங்க உட்கார்ந்து எனக்கு விளக்குங்க" என்றார் அம்மாள். வேறு வழியில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு கால்பந்து ஆட்டத்தை முகத்துக்கு நேரே பார்த்தார்.

பயமாக இருந்தது. இருபத்திரண்டு பேர் இத்தனை வேகமாக ஓடுவார்கள் என்று கிளியம்மாளின் முகம் ஒருபோதும் சொன்னதில்லை.

"ஏகநாதன் எங்கே?"

"அதோ, எதிர் ஓரத்துல ஓடறாருங்க."

"அது எந்தப் பக்கம்?"

"வலதுங்க."

"ஃபைல்ல இடதுசாரின்னு இருக்கே."

"இன்னிக்கு மட்டும் மாறியிருக்காருங்க."

"ஒரே வாரத்துலயா?" அம்மாள் எழுதினார்.

இடைவேளை முடிந்தது. இரண்டு அணியும் மைதானத்தில் பக்கம் மாறி நின்றன. இப்போது ஏகநாதன் இவர்கள் மூக்குக்கு முன்னால் இருந்த ஓரத்தில் ஓடினான்.

"இப்ப இங்க வந்துட்டாரே? திரும்பவும் இடதா?"

"இல்லைங்க... இதுவும் வலதுதான்." வேதசிரோமணி தம் இரு கைகளையும் பார்த்துக்கொண்டார். "அவர் மாறலைங்க. கோல் போஸ்ட்டுதான் மாறியிருக்கு. இல்லை, போஸ்ட்டும் அங்கேயேதான் இருக்கு..."

"சார், நீங்கதானே நிர்வாகி? உங்க ஆள் எந்தப் பக்கம்னே உங்களுக்குத் தெரியலையா?"

"நான் இதுக்கு முன்ன பார்த்ததில்லைங்க."

"எதை?"

"ஆட்டத்தை. முதுகு காட்டித்தான் நிப்பேன். முதலாளி பர்மிங்ஹாம்ல பார்த்தாராம்."

சாமுண்டீஸ்வரி அம்மாளின் பேனா நின்றது. இதற்குள் குத்துக்கல்லில் இருந்த கிளியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "யம்மா, அவர வுட்ரு. தங்கமான மனுசன், ஆனா ஒண்ணும் தெரியாது. பந்து உருண்டையா கீதுன்றதே அவருக்கு இன்னிக்குத்தான் தெரியும். வூட்ல டீச்சரம்மா கீது, அத்தக் கேளு, எல்லாம் சொல்லும்."

அந்தச் சமயத்தில் ஏகநாதன் பந்தோடு கிளம்பினான். தப்பான பக்கத்தில் ஆடுகிற ஆத்திரமோ, வேலை போகிற பயமோ, நாற்காலியில் இருப்பது யார் என்று தெரிந்ததோ, மூன்று பேரை நிறுத்திவிட்டுப் போய்ப் பந்தை வலைக்குள் அடித்தான். கிளியம்மாள் புடவையை உதறினாள். வேதசிரோமணி, "அம்மா, இதுதான் நான் எழுதின இலக்கு! இதுதான் தகர்க்கிறது!" என்று கத்தினார். திரும்பிப் பார்த்தால் சாமுண்டீஸ்வரி அம்மாள் எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஃபைல் புழுதியில் கிடந்தது. குறிப்பாணையின் அலுவலக நகல் காற்றில் ரயில்வே லைன் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

யாரும் அதைப் பிடிக்க ஓடவில்லை. ஓடத் தெரிந்தவர்கள் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வியாழக்கிழமை, தகுதிகாண் பருவம் முடிய நான்கு நாள் இருக்கையில், உத்தரவு வந்தது. ஏகநாதன் கம்பெனி வாசலிலேயே நின்று அதை வேதசிரோமணிக்குப் படித்துக் காட்டினான்:

'நேரடி விசாரணையில், மேற்படி கழகத்தின் நிர்வாகிக்குத் தம் கழகத்தில் தமக்கு என்ன வேலை என்பதும், தம் ஆட்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதும் தெரியவில்லை என்று கண்டறியப்பட்டது. தெரியாது என்பதை அவர் தாமாகவே ஒப்புக்கொண்டார். அரசியல் கழகம் எதிலும் இவ்வாறு ஒப்புக்கொள்ளும் நிர்வாகி இருக்க வாய்ப்பில்லை. ஆகவே இது விளையாட்டுக் கழகமே என முடிவு செய்து, நடவடிக்கை கைவிடப்படுகிறது.'

"பொழச்சேன் சார்! உன்னாலதான் சார் பொழச்சேன்!" ஏகநாதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

தன்னைப் பாராட்டியிருக்கிறார்களா, திட்டியிருக்கிறார்களா என்று வேதசிரோமணிக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் ஒரு வாரமாக இறங்காத சாப்பாடு அன்று இறங்கும் என்று மட்டும் தெரிந்தது.

"கடைசியில இன்னொரு வரி கீது சார்" என்றான் ஏகநாதன், குரலை இறக்கி. "இனிமே நான் ஆபீஸ் மனமகிழ் மன்றத்துக்குத்தான் ஆடணுமாம். சூப்பரின்டெண்டெண்ட் அம்மாவே டீம் செயலாளரா நின்னுகிச்சி."

தோத்தாத்ரி முதலாளிக்கு இதைச் சொல்லப் போனபோது அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "நம்ம ஆளைக் காப்பாத்தப் போய், நம்ம ஆளையே கொடுத்துட்டு வந்திருக்கீர். இது ஜெயமா தோல்வியா ஓய்?"

"தெரியலை சார்."

முதலாளி அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "பர்மிங்ஹாம்காரர் மூஞ்சியும் இப்படித்தான் இருந்தது" என்றார். அடுத்த மாதமும் வேதசிரோமணியே எக்ஸிகியூட்டிவ். ரிட்டயராகும் வரை அவரே. முதுகு காட்டி நிற்பதை மட்டும் அவர் விட்டுவிட்டார். முழுதாகத் திரும்பவும் துணிச்சல் வரவில்லை. பக்கவாட்டில் நின்றார், ஒரு கண் பந்தில், ஒரு கண் பல்லாவரத்தில்.

மிச்சம் இருந்தது மைதானத்துப் பலகை. கழகத்தை அழிப்பது என்று முடிவாயிற்று. பெயிண்டர் தகரத்தைச் சுரண்டிவிட்டு ஏணியில் நின்றபடி கேட்டான்.

"இன்னா எழுதணும் சார்?"

"சங்கம்னு எழுது" என்றார் வேதசிரோமணி.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "சங்கமா? என் கம்பெனி பேர்லயா? நாளைக்கே ஸ்ட்ரைக்னு வந்து நிப்பா!"

"அப்ப மன்றம்."

"அய்ய, மன்றம்லாம் வாணாம் சார்" என்றாள் கிளியம்மாள், துணி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு. "எம் மருமவன் ஒரு மன்றத்துல கீறான். படம் ரிலீஸானா ஆறு நாளு வூட்டுக்கு வர மாட்டான்."

"சபை?"

"சபைன்னா ஞாயித்துக்கிழமை காணிக்கைத் தட்டோட வந்துடுவாங்க" என்றாள் பள்ளி விட்டு வழியில் வந்து நின்ற தபீதாள். அவள் சிரித்தாளா என்று வேதசிரோமணி பார்த்தார். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

பெயிண்டருக்குக் கை வலித்தது. கோமதி என்பதை மட்டும் புதுப்பித்துவிட்டு இறங்கிவிட்டான். கீழே புல், பாதிப் பந்து, மஞ்சள் கோடுகள். ரயிலில் போகிறவர்கள் அதைப் பார்த்து, கோமதி என்று ஒருத்தி எந்தத் தொகுதியில் நிற்கிறாள் என்று பேசிக்கொள்வதாக ஏகநாதன் பிற்பாடு வந்து சொன்னான். வேதசிரோமணி அகராதியை எடுத்தார். பிறகு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.